ஃப்ரிட்ஜின் விலா: மயிலை, தி. நகர், அடையாறு வீடுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

ஃப்ரிட்ஜ் வாங்கக் கிளம்பும் குடும்பம் கடையில் கேட்கும் கேள்விகளுக்கு ஒரு மரபு உண்டு. எத்தனை லிட்டர், எத்தனை ஸ்டார், பழசைக் கொடுத்தால் எவ்வளவு கழிப்பீர்கள், மாடிக்கு ஏற்றத் தனிக்காசா? இவை முடிந்தபின் கதவில் போட்டிருக்கும் பூவைப் பற்றி ஒரு விவாதம் நடக்கும். மகள் நீலப் பூ என்பாள், மாமியார் நீலம் ஆகாது என்பார், கடைசியில் ஸ்டாக்கில் இருக்கும் மெரூன் பூ வீட்டுக்கு வரும். இத்தனை பேச்சிலும் அந்தப் பெட்டிக்கு இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றும் இருக்கிறது என்பதை ஒருவரும் குறிப்பிடுவதில்லை. விளம்பரங்களும் கதவைத் திறந்து தக்காளியைக் காட்டுவதோடு நின்றுவிடுகின்றன. இக்கட்டுரையின் துணிபு இதுதான்: சென்னை வீட்டில் ஃப்ரிட்ஜ் தன் விலாவைக் காட்டியே காலம் தள்ளுகிறது, ஆகவே விலாவைப் பார்த்து வாங்கிவிட்டு, கதவு எப்படி வாய்க்கிறதோ அப்படியே ஏற்றுக்கொள்வதுதான் முறை. இதை மறுப்பவர்கள் பலர். அவர்களுக்கான விடைகள் உரிய இடங்களில் வரும்.

முதற்கண் அளவை. 300 லிட்டர் சுற்றுவட்டத்தில் விற்கும் ஒரு டபுள் டோர் பெட்டியை எடுத்துக்கொள்வோம். உயரம் 165 செ.மீ., அகலம் 60, ஆழம் 65 என்பது அந்த வகைக்கு நியாயமான கணக்கு. முகத்தின் பரப்பு 9,900 சதுர செ.மீ. ஒரு விலாவின் பரப்பு 10,725. வேறுபாடு 825, ஒரு ஏ4 தாளின் பரப்பைவிட இது அதிகம். கதவின் தடிப்பை ஆழத்தில் சேர்த்தது செல்லாது என்று கணக்காளர் யாராவது எழுந்து நிற்கக்கூடும். பக்கவாட்டிலிருந்து பார்க்கிறவர் கண்ணுக்குக் கதவின் தடிப்பும் விலாவின் தொடர்ச்சியாகவே தெரியும், ஆகையால் கழிக்க முகாந்திரம் இல்லை. கழித்தே தீர வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு, முகம் ஒன்று, விலா இரண்டு என்பதை நினைவூட்டினால் போதும். காசு கொடுத்து வாங்கிய தகட்டில் மூன்றில் இரண்டு பங்கைப் பார்க்காமலே பில் போடச் சொல்கிறோம். ஜவுளிக்கடையில் முந்தானையை மட்டும் பார்த்து உடல் பகுதியைப் பிரிக்காமல் புடவை எடுக்கும் பெண்மணி தி. நகரில் இதுவரை பிறக்கவில்லை.

அந்த விலா கண்ணில் படுமா என்பது அடுத்த கேள்வி. மாடுலர் கிச்சன் விளம்பரப் படங்களில் ஃப்ரிட்ஜ் இரண்டு அலமாரிகளுக்கு நடுவே பொருந்தி நிற்கும், விலாவே தெரியாது. அந்தப் படங்கள் எடுக்கப்படும் வீடுகள் வேறு ஏதோ கிரகத்தில் இருப்பவை. சென்னை அடுக்களையின் உண்மையான சிற்பி தேசியக் கட்டட விதித் தொகுப்பு. தனியாகச் சாப்பிடும் இடம் உள்ள வீட்டில் அடுக்களைக்குக் குறைந்தது 5 சதுர மீட்டர் பரப்பும் 1.8 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும் என்கிறது அது. குறைந்தது என்று விதி சொல்வதை அதிகபட்சம் என்று படிப்பது புரொமோட்டர் மரபு. மயிலாப்பூரில் மாட வீதிகளைச் சுற்றியிருந்த பழைய ஓட்டு வீடுகளும் மெட்ராஸ் டெரஸ் வீடுகளும் இடிபட்டு அடுக்ககங்களாக எழுந்தபோது இந்த வாசிப்பு நிலைபெற்றது. அடையாறு காந்தி நகரிலும் தி. நகரின் உட்தெருக்களிலும் தனி வீடுகள் மூன்று மாடியானபோதும் இதே கதைதான். இப்போது கணக்கைப் பாருங்கள். 180 செ.மீ. அகலத்தில் கிரானைட் மேடை 60 எடுத்துக்கொள்கிறது. எதிர்ச் சுவரில் ஃப்ரிட்ஜை நிறுத்தினால் 65 போய்விடும். மீதி 55. அதில் ஒரு மனிதர் நிற்க வேண்டும், 60 செ.மீ. கதவு திறக்க வேண்டும், குக்கர் விசில் அடிக்கும்போது இன்னொருவர் உள்ளே ஓடிவர வேண்டும். பௌதிக விதிகள் இதற்கு இடம் தருவதில்லை. ஆகவே ஃப்ரிட்ஜ் ஹாலுக்கு நாடு கடத்தப்படுகிறது. வாஷ்பேசினுக்கும் டைனிங் டேபிளுக்கும் இடையே, பெரும்பாலும் பூஜை அலமாரியின் அண்டைவீட்டுக்காரராக, ஒரு விலாவைச் சுவருக்கும் மறு விலாவை ஊருக்கும் கொடுத்து நிற்கிறது.

அடுக்களைக்குள்ளேயே இடம் கிடைத்த அதிர்ஷ்டசாலிப் பெட்டிகளும் தப்புவதில்லை. மேடையின் ஓரமாக நிறுத்தினால், மேடைக்கு மேலே 80, 85 செ.மீ. விலா சுவர்போல எழுந்து நிற்கும். மேடையைவிட ஆழம் அதிகம் என்பதால் முன்பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். எந்த விலா வெளியே தெரியும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். நம் கடைகளில் விற்கும் சிங்கிள் டோர், டபுள் டோர் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கீல் வலப்பக்கம். வலப்பக்கத்தைச் சுவரோடு ஒட்டினால் கதவு செங்கோணத்தோடு நின்றுவிடும், காய்கறி டப்பாவை முழுதாக வெளியே இழுக்க முடியாது, கத்தரிக்காய் உள்ளேயே கிடந்து வதங்கும். இதை முதல் வாரத்திலேயே உணரும் குடும்பம் பெட்டியை நகர்த்தி இடப்பக்கத்தைச் சுவருக்குக் கொடுக்கிறது. எனவே வெளியே தெரிவது வலது விலா. இதை வலவிலாத் தேற்றம் என்று அழைக்கலாம். விதிவிலக்குகள் உண்டு; அவற்றைச் சந்திக்கும்போது கத்தரிக்காயின் நிலைமையை விசாரித்துக்கொள்ளவும்.

விலாவின் வரலாறு சென்னைக்குப் புதிதல்ல. நகரின் முதல் ஃப்ரிட்ஜ் என்று சொல்லத்தக்கது இன்றும் திருவல்லிக்கேணிக் கடற்கரையோரம், காமராஜர் சாலையில் நிற்கிறது. பாஸ்டன் வணிகர் ஃப்ரெடரிக் டியூடர், அமெரிக்க ஏரிகளில் குளிர்காலத்தில் அறுத்தெடுத்த பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றி 1833-இல் கல்கத்தாவுக்கு அனுப்பியவர். சென்னைக்கு வந்த பனியைக் காக்க 1842-இல் ஐஸ் ஹவுஸ் எழுந்தது. பிற்பாடு இங்கேயே இயந்திரத்தில் ஐஸ் செய்யத் தொடங்கியதும் தொழில் படுத்துவிட, கட்டடத்தை வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் வாங்கினார். நீதிபதி கெர்னன் பெயரால் 'கேஸில் கெர்னன்' என்று பெயரிட்டார். தாழ்வாரமும் ஜன்னல்களும் வைத்து மனிதர் வசிக்கும் வீடாக்கினார். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் வந்து தங்கியது அங்கேதான். இன்று அது விவேகானந்தர் இல்லம். ஆன்மிக வரலாற்றாசிரியர்கள் இதை ஒரு கோணத்தில் எழுதியிருக்கிறார்கள். நம் துறையின் கோணம் வேறு: ஒரு குளிர்பெட்டியின் வெளிச்சுவர்கள் குடும்பம் வாழத் தோதாக இல்லை என்று கண்டு, முதலில் சுவர்களில் கைவைத்த சென்னைவாசி பிலிகிரி ஐயங்கார். வாசற்கதவில் பூப்போட்டுவிட்டு அவர் திருப்தி அடைந்துவிடவில்லை.

இயந்திரப் பெட்டியின் வரலாற்றிலும் விலாவுக்கு ஒரு பொற்காலம் இருந்தது. இந்தியாவில் செய்யப்பட்ட முதல் ஃப்ரிட்ஜை 1958-இல் கோத்ரெஜ் கொண்டுவந்தது. அதன் பிறகு கெல்வினேட்டர், ஆல்வின் என்று வந்த பெட்டிகள் எல்லாம் ஒருநிறக் கொள்கை கொண்டவை. கதவு வெள்ளை என்றால் விலாவும் வெள்ளை, கதவு வெளிர்பச்சை என்றால் விலாவும் வெளிர்பச்சை. நாலு பக்கமும் நாணயமாக இருந்த காலம் அது. 1990-களில் வேர்ல்பூலும் சாம்சங்கும் எல்ஜியும் வந்து போட்டி சூடுபிடித்த பிறகு, கதவுக்குத் தனி வாழ்க்கை வந்தது. அதன் மேல் கண்ணாடி ஏறியது, கண்ணாடிக்குள் செம்பருத்தியும் ஆர்க்கிடும் மலர்ந்தன. விலாவுக்கு மட்டும் சாம்பல் நிறத் தகடு என்று தீர்ப்பானது. கல்யாணச் சத்திரத்தில் மணமேடைக்கு மட்டும் சீரியல் பல்பு போட்டுவிட்டுச் சாப்பாட்டுக்கூடத்தை இருட்டில் விடுகிற மனப்பான்மை என்று இதைக் கடிந்துகொள்ளத் தோன்றுகிறது. ஆனால் ஆய்வாளர் உணர்ச்சிவசப்படக் கூடாது.

தமிழ்க் கட்டடக் கலைக்கு இந்த இருநிறக் கொள்கை அந்நியமானது என்பதற்கு மயிலாப்பூரிலேயே சான்று இருக்கிறது. சிவன் கோயில் கருவறையின் வாசல் ஒன்றுதான். தரிசனம் அந்த வழியேதான். இருந்தும் ஸ்தபதிகள் பக்கச் சுவரை வெற்றாக விடவில்லை. தென்சுவர்க் கோஷ்டத்தில் தட்சிணாமூர்த்தி, வடசுவரில் பிரம்மாவும் துர்க்கையும். காரணம் எளிது: வருகிறவர் முன்னால் நின்று கும்பிட்டுவிட்டு அப்படியே போய்விடுவதில்லை, சுற்றி வருகிறார். வலம் வருகிறவர் கண்ணுக்கு அதிக நேரம் தெரிவது விலாதான். கபாலீஸ்வரர் கோயிலின் கிழக்குக் கோபுரமும் தெருவைப் பார்த்த முகத்தில் மட்டும் பொம்மை வைத்துவிட்டு, மற்ற மூன்று பக்கத்தையும் சாம்பல் பூசிவிட்ட கோபுரமல்ல. வியாழக்கிழமைதோறும் கொண்டைக்கடலை மாலையோடு ஒரு பக்கச் சுவரின் முன்னால் வரிசையில் நிற்கிற ஊர், ஃப்ரிட்ஜ் விஷயத்தில் மட்டும் பக்கச் சுவரை மறந்துபோனது ஏன்?

இதற்கான விடை உஸ்மான் ரோட்டில் கிடைக்கிறது. வீட்டு உபயோகப் பொருள் வணிகம் இந்த நகரில் வேரூன்றியதே இந்தப் பேட்டைகளில்தான். விவேக்ஸ் 1965-இல் மயிலாப்பூரிலும் வசந்த் அண்ட் கோ 1978-இல் தி. நகரிலும் தொடங்கியவை. இடத்தின் வாடகை அப்படி என்பதால் எந்தக் கடையிலும் ஃப்ரிட்ஜுகள் தோளோடு தோள் உரசி, பள்ளிக்கூட அசெம்பிளி போல வரிசைகட்டி நிற்கின்றன. ஒன்றின் வலது விலா அடுத்ததன் இடது விலாவை மறைக்கிறது. வாங்குகிறவர் கதவுகளின் வரிசையைப் பார்வையிட்டுக்கொண்டே நடக்கிறார். விலாவை அவர் முதன்முதலாகப் பார்ப்பது, அட்டைப்பெட்டியைக் கிழித்து, தெர்மோகோலை உருவி, லோடுமேன் கையில் நூறு ரூபாய் கொடுத்த பிறகு. அரசாங்கமும் இதற்கு உடந்தை. எரிசக்தித் திறன் செயலகத்தின் நட்சத்திர லேபிளைக் கதவில்தான் ஒட்டுகிறார்கள். உறைபனி சேராத ஃப்ராஸ்ட் ஃப்ரீ ரகங்களுக்கு 2010 முதல் அந்த லேபிள் கட்டாயம். மின்சாரம் வெப்பமாகி வெளியேறும் இடம் எதுவோ அங்கே ஒட்டியிருந்தால் இயற்பியலுக்கு மரியாதை செய்ததாக இருந்திருக்கும்.

வெப்பம் என்று சொன்னதும் இக்கட்டுரையின் மையப் பகுதிக்கு வருகிறோம். பழைய பெட்டிகளுக்குப் பின்னால் கறுப்புக் கம்பி வலை ஒன்று இருக்கும். உள்ளே இருக்கும் சூட்டைப் பிடுங்கி வெளியே விடுவது அதன் வேலை. ஈரப் பிடிதுணியைக் காயப்போடவும் அது பயன்பட்டது. இப்போதைய பெட்டிகளில் பலவற்றுக்கு அந்த வலை கிடையாது. குழாய்களை விலாத் தகடுகளுக்குப் பின்னால் ஒட்டிவைத்துவிடுகிறார்கள்; பின்புறம் மொழுமொழுவென்று இருக்கும், பக்கங்கள் சுடும். மே மாதத்தில் புது ஃப்ரிட்ஜின் விலாவைத் தொட்டுப் பார்த்துப் பதறி, "சைடெல்லாம் கொதிக்குதுங்க" என்று சர்வீஸ் சென்டருக்குப் போன் போடாத குடும்பம் குறைவு. "அது அப்படித்தாங்க இருக்கும்" என்று மறுமுனையிலிருந்து வரும் பதில் தட்டிக்கழிப்பாகத் தோன்றினாலும், அறிவியல் ரீதியாக முழுமையானது. உள்ளே வைத்த சாம்பாரிலிருந்து பிடுங்கிய வெப்பம், கம்ப்ரெஸர் தின்ற மின்சாரம், இரண்டும் சேர்ந்து அந்தத் தகட்டின் வழியாகத்தான் ஹாலுக்குள் இறங்க வேண்டும். லேபிளில் ஆண்டுக்கு 219 யூனிட் என்று போட்டிருக்கும் பெட்டி சராசரியாக இரவும் பகலும் 25 வாட் எடுக்கிறது. இரண்டு மாதத்துக்கு 36 யூனிட் சொச்சம், அதாவது மின்வாரியம் இலவசமாகத் தரும் 100 யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு. அந்த விலாவுக்கு மூச்சு முட்டினால் கம்ப்ரெஸர் கூடுதல் நேரம் ஓடும், பங்கு கூடும். இரு பக்கமும் சில அங்குலம் இடைவெளி விடுங்கள் என்று கையேடு கெஞ்சுவது இதனால்தான். ஆக, விலா என்பது அலங்காரமற்ற ஒதுக்குப்புறம் என்ற எண்ணத்தைக் கைவிட வேண்டும். முழுப் பெட்டியிலும் சதா வேலை செய்துகொண்டிருக்கும் தோல் அதுதான். கதவு தன் வாழ்நாளில் பெரும்பகுதியும் சும்மா மூடிக்கிடக்கிறது.

இங்கே முதல் பெரிய மறுப்பு எழுகிறது. விலா அழகாக இல்லையென்றால் மறைத்துவிட்டால் போயிற்று, இதற்கு ஏன் ஆய்வு என்பது. மறைப்பதற்குத் தமிழ்க் குடும்பம் கண்ட கருவி ஃப்ரிட்ஜ் கவர். ரங்கநாதன் தெருவில் கிடைக்கும். பெட்டியின் தலையில் விரித்தால் இரு விலாக்களிலும் பைபையாகத் தொங்கும். அந்தப் பைகளின் உள்ளடக்கம் தனி ஆய்வுக்கு உரியது: கரண்ட் பில், பாதி தீர்ந்த மாத்திரை அட்டை, ரப்பர் பேண்டுகள், ரீசார்ஜ் செய்யாத டார்ச், யார் வீட்டுச் சாவி என்று தெரியாத ஒரு சாவி. சமூகவியல் நோக்கில் கவர் ஒரு சாதனை. வெப்பவியல் நோக்கில் அது சித்திரை வெயிலில் ஒருவருக்குக் கம்பளி போர்த்துவது. இரண்டாவது வழி, தச்சரைக் கூப்பிட்டுப் பெட்டியைச் சுற்றி பிளைவுட்டில் இன்னொரு பெட்டி அடிப்பது. இது கம்பளிக்கு மேல் கதவைச் சாத்துவது. மூன்றாவது, பூப்போட்ட ஸ்டிக்கர். சூடும் சென்னைப் புழுக்கமும் சேர்ந்து அதன் ஓரங்களை வெகு சீக்கிரம் உரித்துவிடும். நவராத்திரிக்குக் கொலுப்படி ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில்தான் அமையும் என்ற வீடுகளில் விலாமேல் ஒரு பட்டுப்புடவையைத் தொங்கவிடுகிறார்கள். ஒன்பது நாள், அதுவும் அம்பாளை முன்னிட்டு; இதற்கு மட்டும் விலக்கு அளிக்கலாம். மற்றபடி மறைக்கக் கூடாத ஒன்றை, மறைக்க வேண்டிய அவசியமே இல்லாதபடி வாங்குவதுதான் வழி.

அப்படியானால் எத்தகைய விலா? நிறத்தை முதலில் பார்ப்போம். நம் அடுக்களையில் கைக்கு ஒட்டும் பொருள்கள் முக்கியமாக மூன்று: அரிசி மாவு, மஞ்சள் பொடி, எண்ணெய்ப் பிசுக்கு. பளபளக்கும் கறுப்பு விலாவில் இட்லி மாவுக் கை பட்டால் ஐந்து விரலும் தெரியும், போலீஸ் கைரேகை நிபுணருக்கு வேலையே இருக்காது. வெள்ளை விலாவில் மாவு தெரியாது, மஞ்சள் தெரியும். மஞ்சள் துடைத்தாலும் முழுதாகப் போகாது. சிவப்பு, மெரூன் வகைகளில் எண்ணெய் விரல் மங்கலாக நின்று, வெளிச்சம் சாய்வாக விழும்போது தன்னைக் காட்டிக்கொடுக்கும். இந்த மூன்று எதிரிகளோடும் சமரசம் செய்துகொள்ளக்கூடிய ஒரே நிறம், நாம் இத்தனை நேரம் ஏளனம் செய்துகொண்டிருந்த அந்தப் பளபளப்பற்ற நடுத்தரச் சாம்பல்தான். கம்பெனிக்காரர்கள் சிக்கனத்துக்காகவோ சோம்பலாலோ செய்த முடிவு நமக்குச் சாதகமாக அமைந்துவிட்டது. ஆனால் எல்லாச் சாம்பலும் ஒன்றல்ல. சிலவற்றின் பரப்பு மழமழப்பாக இருக்கும், சிலவற்றில் தோல்போலப் புள்ளிபுள்ளியாகச் சொரசொரப்பு இருக்கும். அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கப்போகும் பெட்டிக்குச் சொரசொரப்பு ஆகாது. தாளிப்பில் தெறித்த எண்ணெய் குழிகளில் தங்கி, அதன் மேல் தூசி படிந்து, தீபாவளிக்கு முந்தைய வாரம் தேங்காய் நார் எடுத்துத் தேய்க்க வேண்டிவரும். ஹாலில் நிற்கப்போகும் பெட்டிக்கு அதே சொரசொரப்பு வரம். நாற்காலி இடித்த கீறலும் சைக்கிள் ஹேண்டில்பார் பட்ட தடமும் அதில் தெரியாது.

பெசன்ட் நகர், சாந்தோம், பட்டினப்பாக்கம் வாசிகளுக்குத் தனிக் குறிப்பு. உப்புக் காற்று அங்கே கேட்டையும் ஜன்னல் கம்பியையும் தின்கிறது. விலாவின் அடி ஓரத்தையும் தின்னும். தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவித் தள்ளும் வழக்கமும் சேர்ந்தால் துருவுக்கு இரட்டை உற்சாகம். பெட்டியைப் பிளாஸ்டிக் ஸ்டாண்டில் ஏற்றி, தகட்டின் மடிப்பு ஓரத்தில் பெயின்ட் முழுதாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்து வாங்கவும்.

இனி காந்தம். கண்ணாடிக் கதவு வந்த நாளிலிருந்து கதவில் காந்தம் நிற்பதில்லை. எவர்சில்வர் கதவுகளிலும் சில ரகங்களில் நிற்காது. இதனால் திருப்பதிப் பெருமாள், அந்தமான் படகு, பேரன் அனுப்பிய சான்ஃபிரான்சிஸ்கோ பாலம் எல்லாம் விலாவுக்குக் குடிபெயர்ந்தன. அவற்றின் அடியில் ஆவின் கார்டு, தண்ணீர் கேன் போடுகிறவர் நம்பர், கேஸ் புக்கிங் நம்பர், பள்ளிக்கூட டைம்டேபிள், ஏகாதசி, பிரதோஷத் தேதிகள், முகூர்த்தம் முடியும்வரை ஒரு கல்யாணப் பத்திரிகை. வீட்டின் நிர்வாகம் நடப்பது இந்தப் பலகையில்தான். கதவில் இருக்கும் ஆர்க்கிடை யாரும் இரண்டாம் மாதத்துக்கு மேல் பார்ப்பதில்லை, விலாவைத் தினமும் படிக்கிறார்கள். சில தாள்களால் வெப்பத்துக்குப் பெரிய தடை வந்துவிடாது. விலா முழுவதும் காலண்டர் அட்டைகளால் வேய்ந்துவிடாமல் இருந்தால் சரி. கோஷ்டத்தில் ஒரு மூர்த்திதான் இருப்பார் என்பதை இங்கே மனத்தில் கொள்ளலாம்.

வாஸ்து வழி மறுப்பு ஒன்று உண்டு. அக்னி மூலையாகிய தென்கிழக்கில் குளிர்ப் பெட்டியை வைக்கலாகாது, அக்னியும் குளிரும் பகை என்பது வாதம். விலா சுடுகிறது என்பதை மேலே நிறுவியாகிவிட்டது. உள்ளே என்னவாக இருந்தாலும் வெளியில் ஃப்ரிட்ஜ் அக்னியின் கட்சியே.

விலையைச் சொல்லி மறுப்பவர்கள் இன்னும் தந்திரசாலிகள். லிட்டரும் ஸ்டாரும் விலையும்தான் முக்கியம், மற்றதெல்லாம் வேலையற்ற பேச்சு என்பார்கள். முதல் பாதி உண்மை. ஐந்து பேர் குடும்பத்துக்கு 190 லிட்டர் போதாது, விலா எவ்வளவு எழிலாக இருந்தாலும் போதாது. ஆனால் அதே லிட்டர், அதே ஸ்டார், ஏறக்குறைய அதே விலையில் நாலைந்து பெட்டிகள் நிற்கும்போது எதை வைத்து முடிவு செய்வது என்பதுதான் நம் கேள்வி. இப்போது அந்த முடிவைப் பூ எடுக்கிறது. 2006-க்குப் பின் அரசு கலர் டிவி கொடுத்தபோதும் 2011-க்குப் பின் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தபோதும் நிறம் கேட்கும் பேச்சே எழவில்லை, கேட்டிருந்தால் அது நியாயமும் ஆகாது. சொந்தக் காசில், தவணை கட்டி வாங்கும்போது கேட்கலாம். தவணை முடிந்த பின்னும் பல ஆண்டுகள் முகத்துக்கு எதிரே நிற்கப்போவது அந்த விலா. இன்னொரு மறுப்பு, கம்பெனிகள் விலாவில் தேர்வே தருவதில்லையே, எல்லாம் ஒரே சாம்பல்தானே என்பது. பாதி சரி. தேர்வு குறைவு; ஆனால் கறுப்பு, சாம்பல், வெள்ளி, மழமழப்பு, சொரசொரப்பு என்ற அளவுக்காவது இருக்கிறது. கேட்பவர் இருந்தால் கூடும். பனிக்கட்டி பாஸ்டனிலிருந்து வந்த காலத்தில் யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் இருந்திருக்கும். இப்போது சாம்சங் ஃப்ரிட்ஜ் செய்வது ஸ்ரீபெரும்புதூரில்; இங்கிருந்து குரல் கொடுத்தால் அங்கே கேட்காமல் போகாது.

ஆகவே ஆடித் தள்ளுபடிக்கோ புத்தாண்டுத் தள்ளுபடிக்கோ கிளம்புகிறவர்கள் மூன்று காரியம் செய்யவும். கிளம்புமுன் வீட்டில் பெட்டி நிற்கப்போகும் இடத்தைப் பார்த்து, எந்த விலா வெளியே தெரியும் என்று தீர்மானிக்கவும், சந்தேகமிருந்தால் வலது. பையில் ஒரு காந்தம் எடுத்துக்கொள்ளவும். கடையில் பிடித்த பெட்டியை வரிசையிலிருந்து இரண்டடி வெளியே இழுக்கச் சொல்லி, பக்கவாட்டில் நின்று, தொட்டுத் தடவி, காந்தம் வைத்துப் பார்க்கவும். விற்பனையாளர் முறைப்பார், மேனேஜர் வருவார், மற்ற வாடிக்கையாளர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். பொருட்படுத்த வேண்டாம். கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: வரிசைக்கு ஒரு பெட்டியையாவது பக்கவாட்டில் திருப்பி நிறுத்துங்கள். அதற்குத் தேவைப்படும் கூடுதல் இடம் ஐந்து சென்டிமீட்டர்தான்.